தர்சிகாவுக்குக் காயச் சரக்கு

ராத்தா,

இப்போது நேரம் காலை பத்தரை. என் குசினியில் மல்லி வறுபடுகிறது. மிளகும் நற்சீரகமும் வறுத்து ஆற வைத்தாயிற்று. வேர்க்கொம்பைத் தட்டி வைத்திருக்கிறேன். மஞ்சள் வெயிலில் கிடக்கிறது. வாசனை மதிலைத் தாண்டி நீங்கள் இருந்த வீட்டு முற்றம் வரைக்கும் போயிருக்கும். சற்று முன்னால் எதிர்வீட்டுக்காரி படலையில் வந்து நின்று மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "என்ன அக்கா, காயச் சரக்கு மணக்குது? ஆருக்குப் பிள்ளை பிறந்திருக்கு?" என்று கேட்டாள். பிள்ளை பெற்றவளுக்கு அவளுடைய தாய் வறுத்து இடித்துக் கொடுக்கிற சரக்கு, பிள்ளை குட்டி இல்லாத இந்த வீட்டில் ஏன் வறுபடுகிறது என்பதுதான் அவள் கேட்ட கேள்வி. நான் அகப்பையும் கையுமாக வாசலுக்குப் போய் ஒழுங்கையின் கடைசி வீட்டுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்: "என்ட மகளுக்கு!"

அவள் முகம் போன போக்கைப் பார்க்க நீங்கள் இல்லாமல் போய்விட்டீர்கள். நீங்கள் மவுத்தாகி மூன்று வருசம். இந்த மூன்று வருசத்தில் இன்று தேடுகிற அளவுக்கு உங்களை ஒருநாளும் தேடியதில்லை. மல்லிக்கு எத்தனை பங்கு மிளகு என்று கேட்கவும் ஆளில்லை. நானே ஒரு கணக்கில் போட்டிருக்கிறேன். இவரை அடுப்படியில் நிறுத்தி, கருகவிட்டால் தெரியும் சேதி என்று சொல்லிவிட்டு வந்து இதை எழுதுகிறேன். சந்தோசம் ஒரு பக்கம், அடுப்பில் கண் ஒரு பக்கம். எழுத்துக் கோணினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தர்சிகாவுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது. பெண்பிள்ளை. ஓம், அந்தத் தர்சிகாதான். பதின்மூன்று வருசத்துக்கு முன்னால் நான் திருப்பிக் கொடுத்த பிள்ளை. இறக்கக்கண்டியில் கலியாணம் முடித்து இருக்கிறாளாம். நாளைக் காலை முதல் பஸ்ஸில் நாங்கள் அங்கே போகிறோம். அவள் முகத்தை எப்படிப் பார்ப்பேன், அவள் என்னை எப்படிப் பார்ப்பாள் என்று நினைக்க நினைக்க ஒரு இடத்தில் இருக்க ஏலாமல் இருக்கிறது.

இவருடைய கூத்தைக் கேட்டால் நீங்கள் வயிறு வலிக்கச் சிரிப்பீர்கள். நேற்றிலிருந்து மூன்று முறை மீன் சந்தைக்குப் போய்விட்டார். பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறா நல்லது என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். "நாளைக்குக் கொண்டுபோக இண்டைக்கே ஏன் வாங்கினீங்கள்?" என்றால், "ஐஸ் போட்டுக் கொண்டுபோவம், நாளைக்குச் சுறா படாட்டி என்ன செய்யிறது?" என்கிறார். துறைமுகத்து இழுவைப் படகில் முப்பது வருசம் வேலை செய்து, எவ்வளவு பெரிய கப்பல் வந்தாலும் பதறாத மனிசன். இன்று காலையிலிருந்து பெனியனை மறுவளமாகப் போட்டுக்கொண்டு திரிகிறார். நானும் சொல்லவில்லை, பார்க்க நன்றாக இருக்கிறது.

நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆனால் முழுதாகத் தெரியாது. உங்களிடமும் கொஞ்சத்தை நான் மறைத்தேன்.

பதினாலு வருசம் பிள்ளைக்காகக் காத்திருந்து, கடைசியில் மூதூர்ப் பக்கத்துச் சிறுவர் இல்லத்திலிருந்து அவளைக் கூட்டிக்கொண்டு வந்தோம். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. முதல் கிழமை ஒழுங்கையே எங்கள் வீட்டில்தான். கேக், சட்டை, பொம்மை என்று கதிரை போட இடமில்லை. பிறகு ஒருநாள் என் அலுமாரியைத் திறந்தேன். கஞ்சி போட்டு மடித்த சீலைகளுக்கு நடுவில் பாண் துண்டு, பத்திரிகையில் சுற்றிய மீன் பொரியல், பாதி கடித்த வாழைப்பழம். எறும்பு வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது. என்னைத்தான் உங்களுக்குத் தெரியுமே. "ஒங்கட வீட்டுக்க காகம் வாறதெண்டாலும் காலக் கழுவிட்டுத்தான் வரணும்" என்று பகிடி பண்ணுவீர்கள். முதலில் ஏசினேன். பிறகு அவள் கண் முன்னாலேயே எல்லாவற்றையும் வாரிக் குப்பையில் போட்டேன். அவள் திரும்பவும் ஒளித்தாள், தலையணை உறைக்குள், புத்தகப் பைக்குள். ஒரு வருசத்துக்கு மேல் இந்த இழுபறி. கடைசியில் குசினிக்கு ஒரு பூட்டு வாங்கிப் போட்டேன்.

அந்தப் பூட்டை முதலில் கண்டது நீங்கள்தான். விடிய எழும்பித் தேத்தண்ணிக் கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுத்துவிட்டு, ஓலைப் பெட்டியோடு வந்து நின்றீர்கள்.

"தங்கச்சி, புள்ள களவெடுக்கல்ல. நாளைக்கு இரிக்காதெண்டு பயப்புடுது. சண்டைக்க நாங்க மூதூர உட்டு ஓடிக் கந்தளாயில இரிந்த நேரம் நானும் பாண் துண்ட முந்தானையில முடிஞ்சிக்கிட்டுத்தான் படுத்த. பூட்டாதீங்க."

"ராத்தா, நீங்கள் உங்கட வேலையைப் பாருங்கோ. என்ட பிள்ளையை வளக்க எனக்குத் தெரியும்."

இப்போது எழுதும்போது கன்னம் எரிகிறது. நீங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனீர்கள். அன்றிலிருந்து அவள் என் கையால் சாப்பிடுவதை நிறுத்தினாள். பூட்டைக் கழற்றினேன், கெஞ்சினேன், ஊட்டப் போனேன். வாயை இறுக மூடிக்கொண்டு சுவரைப் பார்ப்பாள். பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்தாள். இரண்டு முறை பஸ் நிலையத்தில் பிடித்துக் கூட்டிவந்தோம். நன்னடத்தை அலுவலர் வந்து கதைத்தார், இல்லத்து அம்மா வந்து கதைத்தார். கடைசியில் நீதவான் முன்னால் போய் நின்றோம். அவள் நிலத்தைப் பார்த்தபடி, "எனக்கு அங்கேயே போக வேணும். இஞ்ச இருக்க ஏலாது" என்றாள். நீதவான் என்னைப் பார்த்தார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள் அம்மா என்று கேட்டார்.

உங்களிடம் சொல்லாமல் விட்டது இதைத்தான். "பிள்ளை அடம் பிடிச்சிட்டாள், நான் என்ன செய்ய?" என்றுதான் உங்களிடமும் ஊரிடமும் சொன்னேன். ஆனால் அன்று நான் சொன்னது, "எனக்கும் ஏலாது ஐயா." இவர் என் கையைப் பிடித்தார், நான் உதறிவிட்டேன். மத்தியானம் அவளை ஏற்றிக்கொண்டு இல்லத்து வான் போனது. நான் வீட்டுக்கு வந்து, வயிறு நிறையச் சோறு தின்று, பொழுதுபடும் வரைக்கும் நன்றாக நித்திரை கொண்டேன். இரண்டு வருசத்துக்குப் பிறகு அப்படியொரு நித்திரை. எழும்பிய பிறகுதான் வீடு எப்படிக் கிடக்கிறது என்று தெரிந்தது. அவளுடைய செருப்பு ஒன்று வாசலில் கவிழ்ந்து கிடந்தது.

பிறகு ஒருத்தரும் வரவில்லை. செத்த வீடென்றால் ஊர் வரும், அழும், சோறு சமைத்துக் கொடுக்கும். இதற்கு என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. கடையில் நின்றால் கதை நின்றுவிடும். நான் திரும்பியதும் "பிள்ளையைத் திருப்பிக் குடுத்தவள்" என்று காதில் விழும். இவருடைய சொந்தத்தில் ஒரு பிள்ளை பெரியபிள்ளையாகி, அந்தச் சாமத்திய வீட்டில் நான் ஆராத்தித் தட்டைத் தூக்கப் போக, ஒருத்தி சிரித்துக்கொண்டே என் கையிலிருந்து அதை வாங்கி அடுத்தவளிடம் கொடுத்தாள். அதற்குப் பிறகு ஒரு நன்மைக்கும் நான் போகவில்லை. இவர் படகே கதி என்று கிடந்தார். வீட்டுக்குள் இரண்டு பேரும் அவளுடைய பெயரை எடுக்காமல் வருசக் கணக்காக வாழ்ந்தோம். அந்தத் தனிமை எதிரிக்கும் வரக்கூடாது.

நீங்கள் மட்டும் வந்தீர்கள். அவள் போன அடுத்த நாள், மூடிய சட்டியில் சோறும் மீனாணமும்.

"இஞ்ச ஒருத்தரும் சாகேல்ல ராத்தா, ஏன் சோறு கொண்டு வாறீங்கள்?" என்று சீறினேன்.

"சாகாட்டிப் பசிக்காதா? கோப்பையக் கழுவுங்க."

மூன்று நாள் அப்படிக் கொண்டு வந்தீர்கள். உங்கள் ஆட்கள் மவுத்து வீட்டுக்குக் கொடுக்கிற மாதிரி. மூன்றாம் நாள் நான் உங்கள் கையைப் பிடித்து, "இனி அவளின்ட பேரை என்ட முன்னால எடுக்கமாட்டன் எண்டு சத்தியம் பண்ணுங்கோ" என்று கேட்டேன். நீங்கள் "சரி, எடுக்கல்ல" என்றீர்கள். சொன்ன சொல்லைச் சாகும்வரை காப்பாற்றினீர்கள். அப்படித்தான் நான் நினைத்திருந்தேன்.

நீங்கள் பெரிய கள்ளி ராத்தா! நாலு நாளுக்கு முன்னால்தான் அது எனக்குத் தெரியவந்தது.

மத்தியானம் போன் அடித்தது. தெரியாத நம்பர். "அம்மா, நான் தர்சிகா" என்றது குரல். பிள்ளை பிறந்து ஆறு நாள் என்றாள். மாமி இல்லாத வீடு, சரக்கு இடித்துத் தர ஒருத்தரும் இல்லை, நீங்கள் வருவீர்களா என்று கேட்டாள். நான் அழுதேனா சிரித்தேனா தெரியாது. என் நம்பர் எப்படிக் கிடைத்தது என்று கேட்டதற்கு, "ராத்தா தந்தவ. எத்தினையோ வருசமா வைச்சிருக்கிறன், எடுக்கத்தான் பயமா இருந்தது" என்றாள். பிறகு சொன்னாள்: "ராத்தாட்ட நீங்கள் மாசா மாசம் தந்துவிட்ட இடியப்பமும் சம்பலும் இன்னும் ஞாபகம் இருக்கம்மா."

மாதத்தின் முதல் சனிக்கிழமை, "மூதூருக்குப் போறன், மகளப் பாக்க" என்று பெட்டியோடு நீங்கள் பஸ் ஏறியது உங்கள் மகளிடம் மட்டுமல்ல, இல்லத்துக்கும்தானா? "மகளுக்கு இவ்வளவு இடியப்பமோ, ஊருக்கே கலியாணமோ?" என்று நான் பகிடி பண்ணியபோது சிரித்தீர்களே! அவள் பெயரை என் முன்னால் எடுப்பதில்லை என்றுதான் சத்தியம். என் பெயரை அவள் முன்னால் எடுப்பதில்லை என்று நான் கேட்கவில்லை. ஏழு வருசம், அவள் இல்லத்தை விட்டு வெளிக்கிடும் வரைக்கும், நான் கொடுக்காத சாப்பாட்டை நான் கொடுத்ததாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறீர்கள்.

அவள் நன்றி சொன்னாள். நான் "ஓம்" என்றேன்.

நாலு நாளாக அந்த "ஓம்" என்னை விடவில்லை. சரக்கு வாங்கினேன், புடைத்தேன், பிள்ளைக்குத் துணி வெட்டினேன். எதிலும் ருசியில்லை. உண்மையைச் சொன்னால் வரவேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்று பயம். சொல்லாமல் போய் அந்தப் பிள்ளையைக் கையில் வாங்கவும் ஏலாது. இவரிடம் சொன்னேன். மீன் பையை வைத்துவிட்டு, "சொல்லு. அவள் துரத்தினால் ரெண்டு பேரும் ஒண்டாத் திரும்பி வருவம்" என்றார்.

இன்று காலை ஏழு மணிக்கு நானே எடுத்தேன்.

"மகள், அந்தச் சாப்பாடு ஒண்டும் நான் தந்துவிட்டதில்லை. ராத்தா தன்ட பாட்டுக்குக் கொண்டு வந்தவ. நீ சாப்பிட்டியோ எண்டுகூட நான் ஒருநாளும் விசாரிக்கேல்ல. அண்டைக்கு நீதவானுக்கு முன்னால எனக்கும் ஏலாதெண்டு சொன்னதும் நான்தான்."

அந்தப் பக்கம் பிள்ளை சிணுங்குகிற சத்தம்.

"தெரியும் அம்மா," என்றாள்.

"என்னெண்டு?"

"உங்கட கைச் சாப்பாடு எனக்குத் தெரியாதே? நீங்கள் அவிக்கிற இடியப்பம் கல்லு மாதிரி." சிரித்தாள், ராத்தா, அந்தப் பிள்ளை சிரித்தாள்! எங்கள் வீட்டில் இரண்டு வருசம் இருந்தபோது அவள் சிரித்து நான் கேட்டதேயில்லை. "முதல் மாசமே கண்டுபிடிச்சிட்டன். ராத்தாட்டச் சொல்லேல்ல. அங்க சில பிள்ளையளுக்கு வெளியிலயிருந்து ஆக்கள் வருவினம். எனக்கு அந்தப் பெட்டி வரும். எல்லாப் பிள்ளையளுக்கும் பிரிச்சுக் குடுக்கேக்க, இது என்ட அம்மா குடுத்துவிட்டதெண்டு சொல்லுவன். சொல்ல விருப்பமா இருந்தது. கூடாத அம்மா எண்டாலும், அம்மா எண்டு சொல்ல ஒராள் இருந்ததுதானே."

பிறகு, "முதல் பஸ்ஸில வாங்கோ, பிந்தினால் வெயிலாப் போயிரும்" என்று சொல்லிவிட்டு வைத்தாள். இவர் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் நின்ற இடத்திலேயே அழுது தீர்த்தோம். அதற்குப் பிறகுதான் நான் அடுப்பை மூட்டினேன்.

உங்களுடன் எனக்குச் சண்டை இருக்கிறது. ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டு உங்கள் முன்னால் நின்று கத்த வேண்டும் போலிருக்கிறது. ஆனால் அப்போது சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? உங்களோடும் கதையை நிறுத்தியிருப்பேன். அது உங்களுக்குத் தெரியும். பிள்ளை இல்லாதவள், பிள்ளையைத் திருப்பிக் கொடுத்தவள் என்று ஊர் சொன்னது. நானும் அதை நம்பி, ஊரைவிட அதிகமாக என்னைத் தின்றேன். அந்த வருசங்களில் மாதம் ஒருமுறை, எங்கோ ஒரு கூடத்தில், ஒரு பிள்ளை மற்றப் பிள்ளைகளிடம் என்னைச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறது. நான் கைவிட்ட இடத்தில், எனக்கே தெரியாமல், ஏழு வருசம் என்னை ஒரு பிள்ளைக்கு அம்மாவாக வைத்திருந்திருக்கிறீர்கள் ராத்தா.