மாஸ்க்கைக் கழுவிய நேரம்

அன்பு மகள் புஷ்ராவுக்கு அம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையில் இங்கே நாள் நகர்கிறது, மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க ஐந்து வேளையும் துஆ செய்கிறேன். போனில் பேசும்போதெல்லாம் அத்தா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பதால் இதைச் சொல்ல வழியில்லை. எதிர்வீட்டு அஃப்சருன்னிசா அக்காவின் மகன் திங்கட்கிழமை அங்கே வருகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

அத்தாவுக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது என்று, மூக்கில் மாஸ்க் மாட்டிக் காற்று செலுத்தும் அந்த மெஷினை நீ வாங்கிக் கொடுத்து எட்டு மாதம் ஆகிறது. குறட்டை போயிற்று, பகல் தூக்கம் போகவில்லை. சோற்றில் கை வைத்தபடியே கண் சொருகும். நீ கேட்கும்போதெல்லாம் நன்றாக இருக்கிறார் என்று சொன்னேனே, அது பொய். அதோடு விட்டேனா, உன் சித்தப்பா மகன் காஷிஃப் முன்னாலேயே, ராத்திரிக்கு மெஷின் தூக்கம், பகலுக்குச் சொந்தத் தூக்கமா, இன்னா கணக்கு இது என்று கிண்டல் செய்தேன். அத்தா சிரித்துக்கொண்டார்.

போன மாதம் அத்தா, தான் ஓட்டும் ஸ்கூல் வேனை நந்தனம் சிக்னலில் நிறுத்தியவர் பச்சை விழுந்தும் எடுக்கவில்லை. பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள், இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, அங்கிள் தூங்குறாரு, யாரும் கத்தாதீங்க என்றதாம். ஒன்றும் ஆகவில்லை, அல்ஹம்துலில்லாஹ். அன்றைக்கே சாவியைக் காஷிஃபிடம் கொடுத்துவிட்டு வந்து, இனிமே நான் ஓட்டல ஜஹீதா, உள்ள புள்ளைங்க கீதுங்க என்றார்.

டாக்டரிடம் போனோம். எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் கார்டு மெஷினுக்குள் இருக்கிறதாம், அதைப் பார்த்துவிட்டு, தினமும் விடியற்காலையில நின்னுடுதே, யார் கழட்டுறது என்று கேட்டார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. தினமும் கழுவணும்மா என்று நீ சொன்னாய் இல்லையா, அத்தா சுபுஹு தொழ எழுந்ததுமே மாஸ்க்கைக் கழுவி பால்கனிக் கொடியில் போட்டுவிடுவேன். அவர் தொழுதுவிட்டு வந்து ஆறரை வரை வெறும் முகத்தோடு தூங்குவார். சுத்தமாக வைத்திருக்கிறேன் என்று எனக்குப் பெருமை வேறு. அந்த நேரத்துத் தூக்கத்தில்தான் மூச்சு அதிகமாக நிற்குமாம். நான் வாய் திறப்பதற்குள் அத்தா, நான்தான் சார் கழட்டிடுவேன், புழுக்கமா இருக்கும் என்று சொல்லிவிட்டார். டாக்டர் அவரைச் சின்னப் பிள்ளையைப் போலத் திட்டினார், சொன்னதைக் கேட்காத ஆளை வேன் ஓட்டலாம் என்று எப்படி நான் எழுதித் தருவது என்றார். நான் துப்பட்டா நுனியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

இப்போது அவர் குளிக்கப் போன பிறகுதான் கழுவுகிறேன். தொழுதுவிட்டு வந்து படுத்தாலும் மாஸ்க், மதியம் இருபது நிமிடம் படுத்தாலும் மாஸ்க். மூன்று வாரத்தில் முகம் தெளிந்திருக்கிறது, பேப்பரை முழுதாகப் படிக்கிறார், ஆனாலும் மூன்று மணிக்கு மேல் கண் இழுக்கிறது. டாக்டர் அன்றைக்கே சொன்னார், சரியாகப் போட்டாலும் சிலருக்குக் கொஞ்சம் தூக்கம் மிச்சம் இருக்குமாம், அது சோம்பல் இல்லையாம், அதற்கு மாத்திரை உண்டாம். வியாழக்கிழமை மறுபடி போகிறோம். அத்தா என்ன தடுத்தாலும் கழட்டியது நான்தான் என்று டாக்டரிடம் சொல்லிவிடுவேன். வேன் திரும்பக் கிடைக்குமோ கிடைக்காதோ, கெட்ட பெயர் அவர் மேல் இருக்கக் கூடாது. உன்னிடம் முதலில் சொன்னால்தான் அங்கே எனக்கு வாய் வரும்.

அல்லாஹ் உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தரட்டும். வெயிலில் அலையாதே, தண்ணீர் குடி. போன் செய்யும்போது ஏன் கழட்டினீங்க என்று மட்டும் அத்தாவைக் கேட்டுவிடாதே, உன்னிடமும் அவர், நான்தான் கழட்டினேன் என்றுதான் சொல்வார்.

இப்படிக்கு,
உன் அம்மா ஜஹீதா