மூச்சு எண்ணிய நோட்டு

ஏற்காடு,
21.3.1999, ஞாயிறு

அன்புள்ள தனம்,

நானும் வீட்டாரும் சுகம். நீயும் அவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உன் மீன்கள் வியாழக்கிழமை விடியலில் வந்து சேர்ந்தன. இருபது கொண்டை ஊசி வளைவுக்கும் வேனின் பின்பக்கம் உட்கார்ந்து பைகளை மடியில் அணைத்துக்கொண்டு வந்தேன். நாலு கோமாளி, இரண்டு வண்ணத்துப்பூச்சி மீன், ஒரு நீல மீன், பூப்போல விரியும் அந்தக் கடல் சாமந்திப் பிராணி, எல்லாமே உயிரோடு எங்கள் ஓட்டல் தொட்டிக்குள் இறங்கின. தூத்துக்குடியிலிருந்து மலைமேல் கடலைக் கொண்டுவந்துவிட்டோம் என்று மேனேஜர் பெருமாள் சார் ஓட்டலுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். அந்த ‘கொண்டுவந்துவிட்டோம்’ என்பதில் நானும் இருப்பேனோ என்னவோ.

முதலாளியம்மா சேலத்திலிருந்து வந்து வெள்ளிக்கிழமை பூஜை போட்டார். தொட்டி ராசியாம். இனி வாராவாரம் வெள்ளி மாலை கன்னிப்பெண் கையால் சாம்பிராணி காட்ட வேண்டும் என்று கரண்டியை என்னிடம் கொடுத்துவிட்டார். அம்மா கேட்டுவிட்டு, “கொட்டச்சேட்டுல இருந்து மூணு வருசம் பஸ் ஏறிப் படிச்சது மீனுக்குப் பொகை போடவா சாமி?” என்று சிரிக்கிறாள்.

ஆனால் தனம், நேற்றுக் காலையிலிருந்து மீன்கள் சரியில்லை. நிறம் வெளுத்து, கல்லுக்குப் பின்னால் ஒளிகின்றன. மூச்சு வேகமாக இருக்கிறது. நீல மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. வியாதியா, பயணக் களைப்பா? போனில் கேட்கலாம்தான். அது பெருமாள் சார் கைக்குப் பக்கத்தில் இருக்கிறது. உனக்குத்தான் தெரியுமே, கல்லூரியிலும் நீ பேசுவாய், நான் எழுதுவேன்.

உடனே எழுது.

உன்,
மல்லிகா


தூத்துக்குடி,
24.3.1999

அன்புள்ள மல்லி,

உன் கடிதத்தை இவருக்குப் படித்துக் காட்டினேன். கடலுக்குள் முங்கி இந்த மீன்களைப் பிடித்தவர் அல்லவா, பெண்ணைக் கட்டிக்கொடுத்த அப்பா மாதிரி முகம் வாடிவிட்டது.

பயப்படாதே. பயந்த மீனும் வியாதி மீனும் முதல் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். இரண்டும் சாப்பிடாது, இரண்டும் ஒளியும். அதனால் ஒருநாள் பார்வையை நம்பாதே. வியாதி ஒரு மீனில் ஆரம்பித்து அடுத்ததற்குப் போகும். ரவையைத் தூவினதுபோல உடம்பில் வெள்ளைப் புள்ளி வரும், மீன் கல்லில் உடம்பைத் தேய்க்கும், நாளுக்கு நாள் கூடும். பயமோ, தண்ணீரில் ஏதோ கோளாறோ என்றால் எல்லா மீனுக்கும் ஒரே நேரத்தில் வரும். காரணம் போனால் அதுவும் போகும், காரணம் திரும்பினால் அதுவும் திரும்பும்.

ஒரு நோட்டுப் போடு. தினமும் காலையில் ஒரே நேரத்தில், ஒரு நிமிடத்துக்குச் செவுள் எத்தனை முறை அசைகிறது என்று எண்ணி எழுது. உட்கார்ந்து பார்ப்பதில் உன்னை வெல்ல ஆளில்லை. மருந்து மட்டும் வேண்டாம். தாமிர மருந்து பட்டால் சாமந்தி செத்துப்போகும்.

வெளியூருக்குப் போன எங்கள் முதல் மீன் இது. உங்கள் முதலாளியம்மாவின் தம்பி, தன் சேலம் ஓட்டலுக்கும் ஒரு தொட்டி கேட்டிருக்கிறார். உன் தொட்டி நன்றாக இருந்தால் அதுவும் அமையும். இவர் அதற்காகவே படகு வேலையை விட்டுவிட்டார். பார்த்துக்கொள்.

அன்புடன்,
தனம்


ஏற்காடு,
28.3.1999, ஞாயிறு

அன்புள்ள தனம்,

ஒரு வண்ணத்துப்பூச்சி மீன் நேற்று மாலை செத்துவிட்டது. எப்படி எழுதுவது என்று தெரியாமல் இரண்டு தாளைக் கிழித்தேன்.

புதன், வியாழன் எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்ததும் கோமாளியை எண்ணினேன், எண்பத்திரண்டு. நேற்றுக் காலை நூற்று ஐம்பது. எல்லா மீனுக்கும் ஒரே நேரத்தில். சனிக்கிழமைக் கூட்டம் கண்ணாடியைத் தட்டுவதால் இருக்கும் என்று கயிறு கட்டினேன். ஆனால் கூட்டம் வருவதற்கு முன்பே, ஏழு மணிக்கே, அந்த மூச்சு இருந்தது. எனக்குப் புரியவில்லை.

பெருமாள் சார், “வந்த மீனே சீக்கு மீனும்மா. நீ படிச்ச பொண்ணு, சீக்குன்னு எழுதிக் கையெழுத்துப் போடு. இல்லாட்டி தொட்டியப் பாக்கறவ சரியில்லன்னு ஆயிரும்” என்கிறார். அப்போதே இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும்.

எது வந்தாலும் என்னைத் தவறாக நினைக்காதே.

மல்லிகா


ஏற்காடு,
29.3.1999

பெறுநர்: திருமதி தனலட்சுமி, வண்ண மீன் விற்பனை, தூத்துக்குடி.

பொருள்: நோயுற்ற மீன்கள் அனுப்பியது தொடர்பாக.

அம்மையீர்,

தாங்கள் 17.3.1999 அன்று அனுப்பிய கடல் மீன்கள் வெள்ளைப் புள்ளி நோயுடன் வந்து சேர்ந்தன எனத் தெரிவிக்கலாகிறது. ஒரு மீன் இறந்துவிட்டது. இனித் தங்களிடம் மீன் பெறுவதற்கில்லை.

இப்படிக்கு,
ஐ. மல்லிகா, பி.எஸ்ஸி. (விலங்கியல்)
மீன் தொட்டிப் பொறுப்பாளர்

நகல்: சேலம் ஓட்டல் உரிமையாளருக்கு.


தூத்துக்குடி,
3.4.1999

மல்லிகாவுக்கு,

இரண்டு கடிதமும் ஒரே தபாலில் வந்தன. தவறாக நினைக்காதே என்பது ஒன்றில். நினைக்க வேண்டியது மற்றதில்.

சேலத்துக்காரர் போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இவர் விடியக் கிளம்பிப் பழைய படகுக்கே போய்விட்டார்.

அதே வலையில் பிடித்த கோமாளிகள் இன்னும் ஆறு எங்கள் சிமெண்டுத் தொட்டியில் இருக்கின்றன. எண்பது மூச்சு. உடம்பில் ஒரு புள்ளி இல்லை.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். வெள்ளைப் புள்ளியைப் பார்த்தாயா? எந்த மீனில், எந்த இடத்தில்? தவளையின் இதயத்தை வரைந்தபோது, புத்தகத்தில் இருந்தாலும் என் கண்ணுக்குத் தெரியாத ரத்தக்குழாயை வரையமாட்டேன் என்று மதிப்பெண்ணை விட்டவள் நீ.

தனலட்சுமி


ஏற்காடு,
11.4.1999, ஞாயிறு

தனம்,

அன்புள்ள என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது.

புள்ளியை நான் பார்க்கவில்லை. எந்த மீனிலும், எந்த இடத்திலும்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். உன் பெயருக்கு அந்தக் காகிதம் போன மறுநாளே பெருமாள் சார் மருந்தை ஊற்றினார். நீ சொன்னதுபோலவே சாமந்தி சுருங்கி, கரைந்து போனது. மருந்து ஊற்றியும் மூன்றாம் தேதி, சனிக்கிழமை, மறுபடி அதே நூற்று ஐம்பது. அன்று நீல மீனும் போய்விட்டது.

இந்த வியாழக்கிழமை எனக்கு வீட்டுக்குத் தூரம். அதனால் வெள்ளிக்கிழமை நான் சாம்பிராணிக் கரண்டியைத் தொடவில்லை. வேறு யாரும் காட்டக் கூடாதென்று முதலாளியம்மா சொல்லியிருந்ததால் அந்த வாரம் புகையே இல்லை. நேற்றுக் காலை ஏழு மணிக்கு வந்து பயந்துகொண்டே எண்ணினேன். எண்பத்து நாலு. கோமாளி என் விரலைப் பார்த்து முன்னால் வந்தது.

நோட்டை எடுத்தேன். தேதி மட்டும்தான் எழுதியிருந்தேன், கிழமை எழுதவில்லை. ரிசப்ஷன் காலண்டரோடு ஒவ்வொன்றாக ஒத்துப்பார்த்தேன். மூச்சு ஏறிய காலை எல்லாம் சாம்பிராணிக்கு மறுநாள். குளிருக்காகக் கண்ணாடிக் கதவைச் சாத்திவைக்கிறோம். தொட்டிக்குப் பின்னாலும் காட்டச் சொல்லியிருந்தார்கள். அங்கே கீழே, தரையோடு காற்று மோட்டார் இருக்கிறது. நான் குனிந்து காட்டிய புகையை எல்லாம் அது உறிஞ்சி, குமிழியாகத் தண்ணீருக்குள் விட்டிருக்கிறது. சாம்பிராணியை நன்றாகப் பரவட்டும் என்று விசிறியது என் கைதான். ஊரில் இருக்கிற எல்லாவற்றையும் பார்த்தேன், கூட்டம், வெளிச்சம், ஜெனரேட்டர் சத்தம் வரைக்கும். என் கையை மட்டும் பார்க்கவில்லை.

வாயால் சொல்ல வராமல் எழுதி பெருமாள் சார் மேஜையில் வைத்தேன். “நாங் கேட்டது மூணு வரி. நீ மூணு பக்கம் எழுதியிருக்கற. இத முதலாளியம்மாகிட்ட யாரும்மா சொல்றது?” என்றார்.

“நான் சொல்றேனுங்க” என்றேன். என் குரலா என்று எனக்கே சந்தேகம். போனைக் கையில் கொடுத்துவிட்டார். என்ன பேசினேன் என்று நினைவில்லை. முதலாளியம்மா முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு, “வர்றேன், நேர்ல பேசிக்கலாம்” என்று வைத்துவிட்டார். வேலை இருக்குமோ இருக்காதோ. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

சேலத்துக்காரருக்கும் எழுதிவிட்டேன். நான் எழுதியது பொய், மீன்கள் நல்ல உடம்போடு வந்தன, கெடுத்தது நான் என்று. நகல் இதோடு இருக்கிறது. அதிலும் பி.எஸ்ஸி. போட்டுத்தான் கையெழுத்திட்டேன். பொய்க்குப் போட்டது உண்மைக்கும் வேண்டுமல்லவா.

நீ பதில் எழுத வேண்டும் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலில்தான் நிற்பேன்.

மல்லிகா


தூத்துக்குடி,
20.4.1999

மல்லி,

கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. வேண்டுமென்றேதான் எழுதவில்லை.

உங்கள் முதலாளியம்மா நேற்று போன் செய்தார். சாம்பிராணியை இனி வாசலோடு நிறுத்திக்கொள்கிறார்களாம். “அந்தப் பொண்ணு வாயே தொறக்காதுன்னு நெனச்சேன். எங்கிட்டப் பத்து நிமிசம் மூச்சு விடாமப் பேசுச்சு. தொட்டிய அவளே பாக்கட்டும், நான் பாட்டுக்குச் சாமியப் பாத்துக்கறேன்” என்றார். உனக்கு முன்பே தெரிந்திருக்கும். இருந்தாலும் அவர் சொன்னது சொன்னபடி எழுதுகிறேன், வைத்துக்கொள்.

சேலத்துக்காரரிடமிருந்து இதுவரை பதில் இல்லை. மீனுக்கு வேறு ஊரில் சொல்லிவிட்டார் என்கிறார்கள். இவர் படகில்தான் இருக்கிறார். உன் கடிதத்தைப் படித்துவிட்டு, “பொகையா” என்று மட்டும் கேட்டார். பிறகு, “அந்த நீல மீன் நல்ல மீன்” என்றார்.

எனக்குக் கோபம் போய்விட்டதா என்று நீ கேட்கவில்லை. நானே என்னைக் கேட்டுப் பார்த்தேன். தெரியாததால் உன் மாதிரி ஒரு நோட்டுப் போட்டேன், கிழமையோடு. செவ்வாய், இவர் ஈரச் சட்டையோடு வந்தபோது கோபம். புதன் இல்லை. வியாழன் உன் தவளைப் படம் நினைவு வந்து சிரித்தேன். வெள்ளி மறுபடி கோபம். சனி, ஞாயிறு இல்லை. நேற்று கொஞ்சம்.

வியாதி என்றால் நாளுக்கு நாள் கூடும். இது வந்து வந்து போகிறது.

பாதித் தண்ணீரை மாற்று. பன்னிரண்டு கேன் கடல்நீர் நாளைய லாரியில் வருகிறது, சேலத்தில் போய் இறக்கிக்கொள். காற்று மோட்டாரின் குழாயை நீட்டி ஜன்னலுக்கு வெளியே வை. கோமாளிகளின் மூச்சை எண்ணி எனக்கு எழுது.

தனம்