அத்தானின் சாவுக்கு நான் சொன்ன காரணம்

என்னைச் சீண்டிவிட்டு மீசைக்குள் சிரிக்கும் சேது அத்தானுக்கு,

எனக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது, அது உங்களுக்கும் தெரியும். நேரே சொல்லிவிடுகிறேன். உங்கள் சாவுக்கு நான் ஒரு பொய்க் காரணம் சொன்னேன். அது நான் வேலை பார்த்த ஆய்வின் பதிவிலேயே போய் உட்கார்ந்துகொண்டது. அதை அங்கிருந்து எடுப்பதற்குள் எனக்கு என்ன ஆனது என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். தெரிந்தால் சிரிப்பீர்கள் என்றும் நினைக்கிறேன்.

நீங்கள் துறைமுக ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். நான் புள்ளியியல் படித்து முடித்து, வங்காளத்தில், டாக்குரியாவில் உங்கள் வீட்டு முன்னறையில் பெட்டியோடு வந்து இறங்கிய மச்சினன். இரண்டு மாதத்தில் வேறு அறை பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பார்க்கவே இல்லை. நீங்களும் ஒருநாள்கூட அதைப்பற்றிக் கேட்கவில்லை.

டாலிகஞ்ச் பக்கம் இருக்கும் என் அலுவலகத்தைப் பற்றி உங்களிடம் எத்தனையோ முறை அளந்திருக்கிறேன். எச்.ஐ.வி.யும் ஹெபடைடிஸ் பி-யும் சேர்ந்தே இருக்கிறவர்கள், அதிலும் ஈரல் ஏற்கெனவே கெட்டுப்போனவர்கள். அவர்களை வருடக்கணக்கில் தொடர்ந்து கவனித்து, எப்படிப் பார்த்துக்கொண்டால் அந்த ஈரல் இன்னும் கொஞ்ச காலம் தாங்கும் என்று கண்டுபிடிக்கிற ஆய்வு. ஆஸ்பத்திரிகளிலிருந்து விவரம் வரும். பெயர் வராது, எண் மட்டும் வரும். எங்காவது விவரம் விட்டுப்போயிருந்தால் என் புரோகிராம் ஆஸ்பத்திரிக்குக் கேள்வி அனுப்பும். பதில் வராவிட்டால் மறுபடி அனுப்பும். வரும்வரை விடாது. அதில் எனக்குப் பெருமை வேறு. எப்போதாவது நானே அந்த ஆஸ்பத்திரிகளில் ஒன்றுக்குப் போய்ப் பதிவுகளைச் சரிபார்த்துவிட்டு வருவேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ரூய் மீன் குழம்பு. குழம்பில் உப்பே இல்லை என்று அக்காவிடம் சத்தம் போட்டுவிட்டு, வேலையைப் பற்றிப் புலம்ப ஆரம்பித்தேன். போதுமான நிகழ்வுகள் இன்னும் வரவில்லை, அதனால் எதுவும் நகரவில்லை என்றேன்.

"நிகழ்வுன்னா என்ன மாப்ள? கல்யாணம், காதுகுத்து மாதிரியா?"

"சாவு அத்தான். இல்லாட்டி ரத்த வாந்தி, வயித்துல தண்ணி கோக்குறது, ஈரல்ல கேன்சர். அதெல்லாம் ஒரு அளவுக்கு சேர்ந்தாத்தான் கணக்குப் போட முடியும்."

"அப்போ எவனும் சாவ மாட்டேங்கானேன்னு ஒனக்கு வருத்தம்."

"வருத்தமெல்லாம் இல்ல. லேட் ஆகுது. இதுல பாதிப் பேரு சொன்ன தேதிக்கு வர்றதும் கெடையாது. கழுதைங்க. இலவசமா டெஸ்ட் எடுத்து மருந்தும் குடுத்தா, வந்துட்டுப் போறதுக்கு என்ன வலி?"

"கவலப்படாத. ஒவ்வொருத்தனா வருவான்" என்று சொல்லி, நடுத்துண்டை எடுத்து என் தட்டில் வைத்தீர்கள். அக்கா எழுந்து அடுப்படிக்குப் போனாள். தண்ணீர் எடுக்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

உப்பில்லாத குழம்பு. சட்டைப் பொத்தான் போட முடியாத வயிறு. கடைசி மாதங்களில் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்துவிட்டு, மீதியைத் தேடிக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். இவை மூன்றும் ஒரே எண்ணுக்கு நேராக என் திரையில் வந்திருந்தால் ஈரல் கடைசிக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்த்த உடனே சொல்லியிருப்பேன். எதிரில் உட்கார்ந்து சாப்பிட்ட மனிதரைப் பார்த்து அத்தானுக்கு வயசாகிறது என்று நினைத்தேன். லிவரில் ஏதோ கோளாறு என்று அக்கா சொன்னபோது என்ன கோளாறு என்றுகூடக் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை அத்தான்? கேட்டால் தெரிந்துவிடும் என்றா?

ரத்த வாந்தி எடுத்தீர்கள். பக்கத்து நர்சிங் ஹோமுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே முடிந்துவிட்டது. இதயமும் மூச்சும் நின்றன என்று சான்றிதழில் எழுதிக் கொடுத்தார்கள். யார் செத்தாலும் அவை இரண்டும்தானே நிற்கும்? அதைக் காரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்றுதான் என் புரோகிராமுக்குச் சொல்லிவைத்திருந்தேன்.

"ஹார்ட்டுன்னே சொல்லிருல" என்றாள் அக்கா. "லிவருன்னா குடிச்சே செத்தாவன்னு பேசுவாவ." சரி என்றேன். திருநெல்வேலியிலிருந்து வந்த அத்தனை பேரிடமும் ஹார்ட் என்றேன்.

உங்கள் காரியத்தன்று பந்தி நடந்துகொண்டிருக்கிறது. நான் சாம்பார் வாளியோடு நிற்கிறேன். அக்காவின் போன் அடித்தது. பேசப் பிடிக்காமல் என் கையில் திணித்தாள். மறுமுனையில் ஷர்மிளா தி (தி என்றால் அக்கா) என்று ஒரு பெண், ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து பேசினாள். பௌதி, அதாவது அண்ணி, இருக்கிறாரா என்று வங்காள மொழியில் கேட்டாள். நான் தம்பி, என்னிடமே சொல்லலாம் என்றேன். தயங்கினாள். பிறகு மிகவும் தாழ்ந்த குரலில், "கிச்சு மோனே கோர்பேன் நா தாதா" என்று ஆரம்பித்தாள். தப்பாக நினைக்காதீர்கள் அண்ணா, இந்த நேரத்தில் கேட்கக் கூடாதுதான், ஆனால் சான்றிதழில் இருந்ததை அனுப்பினால் மேலே இருக்கிற அலுவலகம் விட மாட்டேன் என்கிறது, எப்படி இறந்தார் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள் என்றாள். வந்த கேள்வியை அப்படியே வாசித்தும் காட்டினாள். 'இது இறப்புக்கான காரணம் அல்ல. சரியான காரணத்தை உடனே தரவும்.'

அது நான் எழுதிய வாசகம். அந்த 'உடனே'யை எடுத்துவிடு என்று அலுவலகத்தில் சொன்னார்கள். முடியாது என்று சண்டை போட்டு வைத்திருந்தேன்.

அந்த ஆய்வில் சேர இரண்டு வைரஸும் இருந்தாக வேண்டும். அந்த விதியைச் சரிபார்க்கிற வரியை எழுதியவனும் நான்தான். ஆகவே வாளியோடு நின்ற இடத்திலேயே எனக்கு எல்லாம் தெரிந்துபோனது. பந்தியில் உட்கார்ந்திருந்த பெரியப்பா தலை நிமிர்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஹார்ட்" என்றேன். "ஹார்ட் அட்டாக்."

"ஆச்சா தாதா" என்றாள் ஷர்மிளா தி. எழுதிக்கொள்கிற சத்தம் கேட்டது. நான் அடுத்த இலைக்குச் சாம்பார் ஊற்றினேன்.

எல்லாரும் கிளம்பின பிறகு அக்காவிடம் கேட்டேன். அவள் பாத்திரத்தைத் துலக்கிக்கொண்டே சொன்னாள். உங்களுக்கு வைரஸ் இருப்பது தெரிந்து பல வருடமாகிறது. மருந்து அதை அடக்கிவிட்டது, ஆனால் அதற்கு முன்பே ஈரல் தழும்பேறிவிட்டது. அவளைக் கூட்டிப்போய் டெஸ்ட் எடுக்கவைத்தீர்கள். ஒன்றும் இல்லை என்று தெரிந்த அன்று அழுதீர்களாம். எனக்கு ஹெபடைடிஸ் ஊசி போட இழுத்துக்கொண்டு போனீர்களே, அதுவும் இதற்குத்தான். கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவனுக்கு எதற்கு ஊசி என்று அன்று வழியெல்லாம் உங்களைத் திட்டிக்கொண்டே வந்தேன். எப்படி வந்தது என்று நான் அக்காவிடம் கேட்கவில்லை. இனியும் கேட்க மாட்டேன்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"ஒங்கிட்டதான் சொல்லவே கூடாதுன்னாவ. இங்கன ஒக்காந்து சாப்பிட முடியாதுன்னாவ. நீ பேசுற பேச்சுக்கு."

"கழுதைன்னு சொன்னேனே, அதுக்கா?"

"அதுக்கு மட்டும் இல்லல. காலையில காப்பி குடிக்கைல நீ சொல்லுவேல்லா, இன்னிக்கு ஆஸ்பத்திரிக்கு செக்கிங் போறேன்னு. அவியளுக்கும் அன்னிக்குத் தேதி இருக்கும். போவ மாட்டாவ. எம் மச்சினன் வருவான், என்னிய அங்க பாத்தா அவனுக்கு அசிங்கம்னு சொல்லிட்டு, வேலைக்குப் போயிருவாவ."

அத்தான், நான் திட்டிய கழுதை எனக்குப் பயந்துதான் வரவில்லை. வராமல் விட்ட நாட்களில் ஏதாவது ஒன்றில் எண்டோஸ்கோப்பி இருந்ததா? இருந்து, போயிருந்தால், வீங்கிய ரத்தக் குழாய்களை முன்கூட்டியே பார்த்துக் கட்டியிருப்பார்களா? எண்ணைத் தட்டினால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும். ஒரு காலைப்பொழுது முழுக்கக் கீபோர்டில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தட்டவில்லை.

அதற்குப் பிறகும் எனக்குப் புத்தி வந்துவிடவில்லை. அக்கா, நீ போய் உண்மையைச் சொல்லிவிடு என்று அவளை நெருக்கினேன். ஹார்ட் என்றே இருந்தால் இது ஈரலால் வந்த சாவாகக் கணக்கில் வராது, அத்தான் இத்தனை வருடம் கையை நீட்டி ரத்தம் கொடுத்ததற்கு அர்த்தம் இல்லாமல் போய்விடும், பதிவை மூடிவிட்டால் பிறகு மாற்ற முடியாது என்று விளக்கினேன். எல்லாம் உண்மைதான். ஆனால் வகுப்பெடுப்பதுபோலச் சொன்னேன்.

அக்கா முழுவதையும் கேட்டாள். "அன்னைக்கு நிகழ்வு வேணும்னு கேட்ட. இப்போ கெடச்சிட்டுல்லா. எடுத்துக்க. நான் எதுக்கு அங்க வரணும்?"

எழுந்து முன்னறைக்குப் போய்விட்டேன்.

மறுநாள் எங்கள் தலைமை மருத்துவரிடம் போனேன். அந்த எண் என் அக்கா கணவர், இறந்த காரணத்தைப் பொய்யாகச் சொன்னது நான் என்றேன். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "துமி ஜான்தே நா?" என்றார். உனக்குத் தெரியாதா என்று. ஒரே வீடுதான், ஆனாலும் தெரியாது என்றேன். அவர் திட்டவில்லை, திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சொந்தக்காரர் இருக்கிற ஆய்வில் நான் இருக்கக் கூடாது என்று அன்றே வெளியே எடுத்துவிட்டார்கள். இனி உங்கள் எண்ணை நான் பார்க்க முடியாது. முடிவு வரும்போது ஊரோடு ஊராகத்தான் எனக்கும் தெரியும். திருத்தத்தையும் நான் செய்யக் கூடாது. என்னைத் தவிர, கடைசியில் கூட இருந்தவர் ஆஸ்பத்திரிக்கு வந்து சொன்னால்தான் எடுத்துக்கொள்வார்கள். கிளம்பும்போது கேள்வியின் வாசகத்தை மட்டும் மாற்றச் சொன்னேன். மாற்றிவிட்டார்கள்.

அக்காவிடம் இதைச் சொன்னேன். வா என்று கூப்பிடவில்லை. இனி அந்தக் கணக்கு எனக்கு இல்லை என்று மட்டும் சொன்னேன். "அப்போ யாருக்கு?" என்றாள். அங்கே இன்னமும் போய்வந்துகொண்டிருக்கிறவர்களுக்கு என்றேன். அவள் துணி மடிக்க ஆரம்பித்தாள்.

சில நாள் கழித்துக் காலையில் புடவை மாற்றிக்கொண்டு நின்றாள். "ஏலே, எந்த பஸ்ல போவணும்?"

நான் வெளியில், மருந்து வாங்குகிற வரிசைக்குப் பக்கத்தில் நின்றேன். கதவு திறந்தே இருந்தது. இத்தனை வருடமாக மீன்காரனிடமும் மாடியில் இருக்கிற வீட்டுக்கார அம்மா மாஷிமாவிடமும் பேசிக் கற்றுக்கொண்ட வங்காளத்தில் அக்கா சொன்னாள்: "ஹார்ட் நா. லிவர். ரோக்தோ போமி. ஆமார் பாய் மித்தே போலேசே." ஹார்ட் இல்லை, லிவர், ரத்த வாந்தி, என் தம்பி பொய் சொல்லிவிட்டான். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நின்றேன். ஷர்மிளா தி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். உங்களைப் பற்றி இரண்டு பேரும் வெகுநேரம் பேசினார்கள். அதில் ஒரு தடவை சிரித்தார்கள். எதற்கு என்று அக்கா இன்னும் எனக்குச் சொல்லவில்லை.

இப்போது நம் தமிழ்ச் சங்கத்து ஆட்கள், ஆண்டு மலரில் உங்களுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி என்னை எழுதச் சொன்னார்கள். அக்காவிடம் கேட்டேன்.

"அங்க சொன்னதையே இங்கயும் எழுது."

"லிவர்னா?"

"லிவருன்னு மட்டும் எழுதுனா குடிச்சாவன்னுதான் நெனப்பாவ. அவிய ஒரு நாளும் தொட்டதில்ல. முழுசா எழுது."

"மாஷிமாவுக்குத் தெரிஞ்சுபோயி வீட்டக் காலி பண்ணச் சொன்னா?"

"சொன்னா வேற வீடு பாரு. நீதான் ரெண்டு மாசத்துல பாக்கேன்னியே."

ஆகவே எழுதுகிறேன். துறைமுக ஒர்க்‌ஷாப் ஃபிட்டர் சேது, எச்.ஐ.வி.யோடும் ஹெபடைடிஸ் பி-யோடும் பல வருடம் வாழ்ந்து, தன்னால் வீட்டில் ஒருவருக்கும் அது வராமல் பார்த்துக்கொண்டு, ஈரல் கெட்டு, ரத்த வாந்தி எடுத்து இறந்தார். இந்தப் பக்கத்தை அக்கா படித்துவிட்டாள். ஒரு எழுத்தும் மாற்றவில்லை.

இனி யார் கேட்டாலும், பந்தியில் கேட்டாலும், ரயிலில் கேட்டாலும், இதையே சொல்வேன் அத்தான். குரலைத் தாழ்த்த மாட்டேன். இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களில் யாராவது, என்னைப் போன்ற ஒருவனுக்குப் பயந்து தேதியைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தால், என்னிடம் வரட்டும். ஆஸ்பத்திரிவரைக்கும் கூட வருவேன். எப்படி வந்தது என்று கேட்க மாட்டேன்.

பார்வதியின் தம்பி,
உங்களோடு ஒரே வீட்டில் இருந்தும் உங்களைப் பார்க்காத மச்சினன்
இசக்கி