உன் பெயர் இல்லாத பத்திரம்

மஸ்கெலியா
12.3.1964

அன்பு மகள் சண்முகவடிவுக்கு அப்பா எழுதுவது. முருகன் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம், கொழும்பு வெக்கையில் நீயும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும். உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. புரொபசர் உன்னை வகுப்பெடுக்கச் சொல்லிக் கடைசி வாங்கில் உட்கார்ந்து பிழை பிடிக்கிறாராம், குரல் பின்னால் எட்டவில்லை என்கிறாராம், டாக்டர் பட்டம் முடிவதற்குள் உன்னை விரிவுரையாளர் வேலைக்குப் பழக்கிவிடுவாராம். அடேயப்பா! இருபத்தாறு வயதில் பேசப் பழகுகிறாய். நான் தினமும் காலையில் தேயிலைத் தோட்டத்துப் பெரட்டுக்களத்தில் வேலைக்கு வரும் இருநூறு பேரை நிறுத்திப் பேர் கூப்பிடுகிறேன், எனக்கு எந்தப் புரொபசர் சொல்லிக்கொடுத்தான்?

வேலைக்கான மனுவோடு பிரஜாவுரிமைப் பத்திரம் வைக்க வேண்டும், முப்பதாம் தேதிக்குள் அனுப்புங்கள் என்று எழுதியிருந்தாய். டிரங்குப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். பத்திரத்தில் நான், உன் அம்மா, உன் தம்பிமார் இருவர், அவ்வளவுதான். உன் பெயர் இல்லை. கிளாக்கர் மறந்துவிட்டார் என்று நினைக்காதே. ஐம்பத்தொன்றில் தோட்டத்து ஆட்களெல்லாம் பிரஜாவுரிமை கேட்டு மனுப் போட்ட சமயம், நம் குடும்பத்துக்கு எழுதும்போது, பொம்பளப் புள்ள பேரையும் போடவா கணக்கப்புள்ள என்று அவர் கேட்கத்தான் செய்தார். அவ பூண்டுலோயாவுக்கு வாக்கப்பட்டுப் போறவ, அந்த வீட்டுப் பத்திரத்துல போட்டுக்குவாங்க என்று நான்தான் சொன்னேன். உன் அம்மா நடுவில் வாயைத் திறந்தாள், அதட்டி உட்கார வைத்தேன். பூண்டுலோயாவில் இருக்கிற என் அக்கா மகன் கந்தப்பனைக் கட்டியிருந்தால் இன்றைக்கு உனக்கும் பத்திரம் இருந்திருக்கும், படிப்புத்தான் பெரிது என்று நின்றாய். அவன் இப்போது இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், அந்த வழியும் அடைத்துப்போயிற்று.

நேற்று ஹட்டனுக்கு பஸ் ஏறிப் போய் பிரஜாவுரிமை ஆபீசில் கெஞ்சியும் பார்த்தேன், அந்த மனு வாங்குறதெல்லாம் முடிஞ்சு பன்னெண்டு வருசமாச்சு என்று ஒருவன் தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னான். நெஞ்சு எரிகிறது. அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்பேன் என்று எதிர்பார்க்காதே, இங்கே எல்லாத் தகப்பனும் செய்ததைத்தான் நானும் செய்தேன். உன் அம்மா வெள்ளிக்கிழமையிலிருந்து என்னோடு பேசுவதில்லை, சோற்றை மட்டும் போட்டுவிட்டுப் போகிறாள். புரொபசரிடம் நீயே சொல்லிவிடு, உன் இடத்துக்கு வேறு பிள்ளையைப் பழக்கட்டும். பட்டம் முடிந்ததும் வீட்டுக்கு வா. கொழுந்தெடுக்க யாரும் பத்திரம் கேட்கமாட்டார்கள்.

ஆயுசு குறையாமல் இரு அம்மா. ஒன்றை மட்டும் மறக்காதே, இனி எந்த வேலைக்கு மனு எழுதினாலும் தகப்பன் பெயர் கேட்கும் இடத்தில் என் பெயரை முழுசாக எழுது. விட்டுவிடாதே.

இப்படிக்கு உன் அப்பா,
முத்துலிங்கம் அழகுமுத்து