லீவுக்கு வர வேண்டாம், பொன்னுமணி

எஸ்டேட் லயம்,
போடிமெட்டுக்குக் கீழே.
2-4-1984

அன்பு மகள் பொன்னுமணிக்கு அப்பா சோலைமலை எழுதிக்கொள்வது. நானும் உன் அம்மாவும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுதினால் நீ சிரிப்பாய், அதனால் எழுதவில்லை. ஜீப்பு டிரைவர் சுருளி அண்ணன் இந்தக் கடிதத்தைச் சட்டைக்குள் வைத்துக் கீழே கொண்டுபோய்ப் போடியில் தபாலில் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். கவரின் மேல் பெரியம்மாள் டீச்சர் பெயர்தான் இருக்கும்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பரீட்சை முடிந்ததும் பத்தாம் தேதி பஸ்சு ஏறி வருவதாக எழுதியிருந்தாய். வராதே. ஆஸ்டலைப் பூட்டினால் மதுரையிலேயே டீச்சர் வீட்டில் இரு. இந்த லீவுக்கு மட்டுமில்லை, இனி இந்த மலைப்பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காதே.

மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்ளாமல் மேலே படி. போன வாரம் முதலாளி வெள்ளைத்துரை ராசிங்காபுரத்திலிருந்து வந்தார். கையில் பேப்பர், அதில் உன் போட்டோ. ஓவியப் போட்டியில் முதல் பரிசு வாங்கிய மாணவி, தகப்பனார் பெயர் சோலைமலை, ஊர் இன்னது என்று எல்லாமே போட்டிருந்தது. பக்கத்திலேயே நீ வரைந்த படம். உன் அம்மா ஏலச்செடிக்கு அடியில் குந்திக் காய் பறிக்கிறாள், கணுக்காலில் அட்டை கடித்த ரத்தம். அவள் குதிகால் வெடிப்பைக்கூட விடவில்லையே நீ! அடி என் ஆத்தா, என்னமா வரைந்திருக்கிறாய் என்று மனசு துள்ளியது. அந்தச் சந்தோஷம் ஒரு நிமிஷம்தான் இருந்தது.

முதலாளி பேப்பரை மடித்துக்கொண்டே, "பாத்திரம் தேய்க்கப் போன புள்ள பரிசு வாங்குதாக்கும்? சரி, போகுது. அவ கையும் உன் கைதானப்பு. எம்மவன் சீனிச்சாமிக்குப் புது வீடு கட்டியிருக்கோம்ல, உள்வீட்டுச் செவுரு பூராம் மயிலும் கொடியுமா எழுதணும். ஆம்பள உள்ள வரவேணாம்னு பொம்பளைக சொல்றாக. பரீச்ச முடிஞ்சதும் வெரசா கொண்டாந்து விட்ரு. பத்து நாள் சோலிதான்" என்றார்.

பத்து நாள்! எனக்கும் பத்து நாள் என்றுதான் சொன்னார்கள். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயசு. கரியும் காவிக்கல்லும் வைத்துக் கண்ட சுவரிலெல்லாம் கிறுக்கிக்கொண்டு திரிவேன். முதலாளி வீட்டுக் கல்யாணத்துக்கு யானையும் குதிரையும் வரைய என்னைக் கேட்டார்கள். என் அப்பன் ஏற்கெனவே அவர்கள் பண்ணையில் அடிமை. முடியாது என்று சொல்ல அவருக்கு வாய் ஏது? இருபத்தெட்டு வருஷமாகியும் அந்தப் பத்து நாள் முடியவில்லை.

அவர்கள் வீட்டில் செத்தவர்களுக்கெல்லாம் படம் வரைந்தவன் நான். ஏலக்காய்ச் சாக்கில் மார்க்கு எழுதுகிறவனும் நான், எழுத்தே அப்படித்தான் கற்றேன். சொந்தக்காரர் வீட்டு விசேஷம் என்றால் உழவுமாட்டை இரவல் கொடுப்பது மாதிரி என்னை அனுப்பிவைப்பார்கள். வெளியில் கொடுக்கிற படத்துக்கு அடியில் கையெழுத்து மட்டும் சீனிச்சாமி போட்டுக்கொள்வான். வரைகிற வேலை இல்லாத நாளில் களைவெட்டு, விறகு, காய் உலர்த்தும் ஸ்டோரில் நெருப்புக்குக் காவல்.

போன கடிதத்தில் நீ ஒரு கேள்வி கேட்டிருந்தாய். அதிகாரி வந்த அன்றைக்கு ஏம்ப்பா பயந்தீங்க என்று. எட்டு வருஷமாக உன் மனசில் கிடந்த கேள்வி. உண்மையைச் சொல்கிறேன், இது உன் அம்மாவுக்கும் தெரியாது. நான் பயப்படவில்லை.

எழுபத்தாறில், கொத்தடிமை கூடாது என்று சட்டம் வந்ததும் ஒரு அதிகாரி ஜீப்பில் வந்தார். உனக்கு ஏழு வயசு, என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாய். லயத்தில் நம்மோடு எட்டுக் குடும்பம். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தார். மாயக்காள் அத்தை, "ஆமா சாமி, அடிமதான். எம்புள்ளயும் அடிமதான். நல்லா எழுதிக்கோங்க" என்று படபடவென்று சொல்லிவிட்டாள். அவளுக்கு வரையத் தெரியாது, அதனால் தப்பித்தாள்.

கடைசியில் என் முறை வந்தது. முதலாளி ஒரு நாற்காலியைக் கொண்டுவரச் சொன்னார். எனக்கு! "இவரு வேலக்காரர் இல்ல சார், எங்க வீட்டு ஓவியர்" என்றார். இவரு என்றார், பொன்னுமணி. அதுவரை அவர் வாயில் எனக்கு 'ஏலேய்' தவிர வேறு பெயர் கிடையாது. உள்ளேயிருந்து படங்களைத் தூக்கிவந்து வரிசையாக வைத்தார்கள். அதிகாரி நல்ல மனுஷர்தான். ஒவ்வொன்றையும் குனிந்து பார்த்து, அடிமையாக இருக்கிறவன் இப்படி வரைவானா என்று ஆச்சரியப்பட்டார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க உங்க இஷ்டத்துக்குத்தான் இங்க இருக்கீங்களா?" என்று கேட்டார்.

நான் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். மற்ற ஏழு குடும்பமும் தரையிலிருந்து என்னை அண்ணாந்து பார்க்கிறது. அந்த நேரத்தில், நானும் அடிமைதான் என்று சொல்ல எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆமாம் என்றேன். காகிதத்தை நீட்டினார்கள். மற்றவர்கள் கைநாட்டு வைத்தார்கள், நான் சுழித்துச் சுழித்து அழகாகக் கையெழுத்துப் போட்டேன். ஜீப்பு வளைவு திரும்பியதும் முதலாளி, "எந்திரிடா" என்றார்.

மறுநாள் ஏழு குடும்பமும் விடுதலையாகிச் சட்டிபானையோடு இறங்கிப் போனது. அவர்கள் முகங்களை ஸ்டோரின் பின்சுவரில் கரியால் வரைந்தேன். மாயக்காள் அத்தையின் சிரிப்பு அப்படியே வந்திருந்தது. முதலாளி பார்த்துவிட்டுச் சுவருக்கு வெள்ளையடிக்கச் சொன்னார். வெள்ளையடித்ததும் நான்தான்.

அடுத்த வருஷம் யாருக்கும் தெரியாமல் இறங்கி ஆபீசுக்குப் போனேன். அந்த அதிகாரி மாற்றலாகிப் போயிருந்தார். குமாஸ்தா என் காகிதத்தைத் தேடியெடுத்து, "கையெழுத்தே சித்திரமாட்டம் இருக்கு, நீயாய்யா அடிமை?" என்று சிரித்தார். நீயும் அம்மாவும் மேலே இருந்தீர்கள், நான் எங்கே ஓட? திரும்பி வந்தேன். எனக்கு முன்னால் சேதி மலை ஏறியிருந்தது. கையில் மட்டும் பட்டுவிடக் கூடாது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டே முதலாளியின் ஆட்கள் அடித்தார்கள். பாறை வழுக்கி விழுந்தேன் என்று உன்னிடம் சொன்னது பொய்.

அதற்குப் பிறகுதான், மலைப் பள்ளிக்கூடத்தில் உனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த பெரியம்மாள் டீச்சர் மதுரைக்கு மாற்றலாகிப் போனபோது, வீட்டு வேலைக்கு ஆள் வேண்டுமாம் என்று முதலாளியிடம் பொய் சொல்லி உன்னை அவரோடு அனுப்பினேன். நீ படிப்பது முதலாளிக்கு இத்தனை நாளும் தெரியாது. இப்போது பேப்பர் சொல்லிக்கொடுத்துவிட்டது.

உன்னை அவர்கள் மிரட்டிக் கூப்பிட மாட்டார்கள். பட்டுப்பாவாடை எடுத்துத் தருவார்கள், "வாங்க ஓவியரம்மா" என்பார்கள். அடியே என்று கூப்பிட்டால் உனக்கே சுதாரிப்பு வந்துவிடும். வாங்க என்று கூப்பிட்டால்தான் ஓட வேண்டும். நான் ஓடத் தெரியாமல் உட்கார்ந்துவிட்டேன். முட்டாள் நான். உன் பிள்ளைப்பிராயத்தையும் சேர்த்து அந்தக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். நீ திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன்.

நீ வராவிட்டால் எங்களுக்கு என்ன ஆகும் என்று யோசிக்காதே. உனக்கு மஞ்சள்காமாலை என்று சொல்லி வைத்திருக்கிறேன். அது எத்தனை நாள் தாங்குமோ, தாங்கட்டும். நீ வருவாய் என்று அம்மா ஒரு பாட்டில் மலைத்தேன் சேர்த்துவைத்திருக்கிறாள். வரமாட்டாய் என்று அவளிடம் இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை.

கடைசியாக என் ஆசை ஒன்று. சித்திரை மூன்றாம் தேதி, மதுரை தெற்கு மாசி வீதியில் முதலாளியின் மச்சினர் வீட்டுக் கல்யாணம். அதற்கு என்னை லாரியில் ஏற்றிக் கொண்டுபோகிறார்கள். முந்தின நாள் முழுக்க மண்டப வாசலில் சாரத்தின் மேல் நின்று வரைந்துகொண்டிருப்பேன். சாயங்காலம் நாலு மணிக்கு டீச்சரோடு எதிர்ப்பக்கமாக நடந்து போ. ரெட்டைச் சடை போடாதே. பேப்பரில் அப்படித்தான் இருக்கிறாய், சீனிச்சாமி கண்டுகொள்வான். எந்த இடத்திலும் நிற்காதே. உன்னைப் பார்த்து ஒன்றரை வருஷம் ஆகிறது, எவ்வளவு வளர்ந்திருக்கிறாய் என்று பார்த்துக்கொள்கிறேன். என்ன ஆனாலும் அப்பா என்று மட்டும் கூப்பிட்டுவிடாதே, ஆத்தா. கூப்பிட்டால் நான் திரும்பிவிடுவேன்.

நீண்ட ஆயுசோடு, தூரமாக, நன்றாக இரு.

உன் அப்பா,
சோலைமலை