அமாவாசை நாட்களின் வாளித் தண்ணீர்

செமோர், 12.8.1984

அன்பு மகள் மங்களத்துக்கு,

அப்பா எழுதுவது. மாரியம்மா புண்ணியத்தில் நானும் அம்மாவும் தம்பி ஜெயபாலனும் சுகம். நீ சுகம் என்று எழுதியும் அம்மா நம்பவில்லை, போட்டோவில் உன் கன்னம் ஒட்டிக் கிடக்கிறதாம். "சீமைக் குளுருல வெறும் ரொட்டியத் தின்னுட்டுப் படுத்துக்கும் லா அந்தப் புள்ள" என்று நாலு நாளாகப் புலம்பல். தம்பிக்கு ஈப்போவில் பஸ் பட்டறையில் வேலை கிடைத்துவிட்டது, இனி மோட்டார் சைக்கிள் வேண்டும் என்று என் உயிரை எடுக்கிறான்.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பழைய கப்பல் புத்தகங்களில் எழுதிவைத்த கடல் சூட்டையெல்லாம் சேர்த்து, கடல் தன் போக்கில் எப்படிச் சூடாகிறது, எப்படிக் குளிர்கிறது என்று பார்க்கிறாயாம். முப்பத்தாறாம் வருசத்திலிருந்து முப்பத்தெட்டு வரை பினாங்கு நாகப்பட்டினம் ஓடிய ஒரு கப்பலில் அமாவாசைக்கு அமாவாசை தண்ணீர் ஒரு டிகிரி இறங்கி மறுநாளே ஏறுகிறதாம், நிலாதான் காரணமோ என்று அடுத்த மாதம் பெரிய கூட்டத்தில் பேசப்போகிறாயாம். அது நான் வேலை பார்த்த கப்பல் என்று அடிக்கோடு வேறு. பெருமை தாங்காமல் கடைத்தெருவரை போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். அப்புறம்தான் கடிதத்தை மறுபடி எடுத்து அமாவாசை என்று நீ எழுதிய இடத்தைப் பார்த்தேன்.

மங்களம், அது நிலா இல்லையம்மா, உன் அப்பன்தான். சின்ன வயதில் உன்னிடம் நான்தான் கடலுக்குக் காய்ச்சல் பார்த்தேன் என்று அளந்தேனே, சூடு பார்க்கும் கண்ணாடிக் குழாயை நான் தொட்டதுகூட இல்லை. கான்வாஸ் வாளியைக் கடலில் விட்டு இழுத்து வைப்பது மட்டும்தான் என் வேலை, சின்ன ஆபீசர் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து குழாயை விட்டுப் பார்ப்பார். மற்ற நாட்களில் அவர் வரும்போதுதான் இறைப்பேன். அமாவாசையன்று மேல்தட்டில் ஊருக்குத் திரும்பும் தோட்டத்துச் சனங்கள் முன்னாலேயே வந்து நிற்பார்கள். செத்தவர்களை ரப்பர் காட்டில் புதைத்துவிட்டுப் போகிறவர்கள், நடுக்கடல் தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொள்ளக் கேட்பார்கள். வாளி கைமாறிக் கைமாறி அரைமணி நேரம் காற்றில் நிற்கும். அதே தண்ணீரைத்தான் ஆபீசர் பார்ப்பார். கடல் தண்ணீர்தானே, அதற்குள் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். ஈரக் கான்வாஸ் காற்றில் சூட்டை விட்டுவிடும் என்று நீ எழுதிய பிறகுதான் புரிந்தது, ஈரத்துணி சுற்றிய பானையில் தினம் குடித்த எனக்கு இந்தப் புத்தி வரவில்லை பார்.

ராக்காயி என்று ஒருத்தி, இரண்டு பிள்ளைகளையும் காய்ச்சலில் பறிகொடுத்துத் தோட்டத்திலேயே விட்டுவிட்டுப் போகிறாள். வாளிக்குள் வைத்த கையை எடுக்கவே இல்லை. ஆபீசர் வருகிறார், எடு தாயி என்று எனக்கு வாய் வரவில்லை.

"பேசாம இருங்களேன், அத்தன வருசத்துக் கதைய இப்ப யாரு கேட்டா, புள்ள பேர கெடுக்காதீங்க" என்கிறாள் அம்மா. எனக்கும் ஆசைதான். நீ கூட்டத்தில் நின்று பேச, பின்னால் ஒருவன் எழுந்து தப்பு என்று சொன்னால் என்னால் தாங்க முடியாது. அதனால் நீயே முதலில் சொல்லிவிடு கண்ணு. ஐயாவு என்கிற வாளிக்காரன் செய்த தப்பு என்று என் பேரைப் போட்டே சொல், எனக்கு வெட்கமில்லை. உன் உழைப்பில் மண் அள்ளிப் போட்டுவிட்டேனே என்றுதான் மனசு அடித்துக்கொள்கிறது. கோபம் வந்தால் திட்டி எழுது, எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

அந்த நாட்களையெல்லாம் உன் கணக்கிலிருந்து அடித்துவிடு. அடிக்கும் முன்னால் தேதிகளை மட்டும் ஒரு தாளில் எழுதி எனக்கு அனுப்பு. அந்தச் சனங்களுக்கு என்னிடம் வேறு அடையாளமே இல்லை. ராக்காயி கை வைத்த நாளும் அதில் இருக்கும்.

மாரியம்மா உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாள். தலைக்கு எண்ணெய் வை, கம்பளி போடாமல் வெளியே போகாதே. தாளை மறக்காதே.

உன் அப்பா,
வாளிக்கார ஐயாவு