உயிர்ச்சேதம் இல்லை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கு எல்லாரும் சுகம். அப்பாவுக்கு முழங்கால் வலி மட்டும் விடவில்லை. அணைப் படிகளை முப்பது வருடம் ஏறி இறங்கிய கால், சும்மா இருக்குமா?

நல்ல செய்தி ஒன்று. மாநிலம் பிறந்து ஐம்பது வருடம் ஆகிறதல்லவா, மறக்க முடியாத நாட்கள் என்று அரசாங்கம் ஒரு புத்தகம் போடுகிறது. மூன்று வருடத்துக்கு முந்தைய வெள்ளமும் அதில் வருகிறது. மதகைத் திறந்து நகரத்தைக் காப்பாற்றியவர் என்று அப்பாவின் படம் அரைப் பக்கத்துக்கு. மேடையில் பதக்கமும் உண்டு. அவரை வாயில்லாப் பூச்சி என்று கேலி பேசிய உன் சித்தப்பா, இப்போது வீட்டையே சுற்றிச் சுற்றி வருகிறார்.

படத்தின் கீழே உயிர்ச்சேதம் இல்லை என்று போடப்போகிறார்கள். அதற்காகத்தான் இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். ஆற்றோரம் குடியிருந்தவர்களில் பதினொரு வீட்டார் கையெழுத்துப் போட்டாயிற்று. செத்தவர்கள் எல்லாரும் வெள்ளத்துக்கு முந்தின வாரமே காய்ச்சலில் போனதாக எழுதியாயிற்று. மீதி உன் பிள்ளை ஒருவன்தான். உங்க பொண்ணே போடலைன்னா எப்படிம்மா என்று அதிகாரி நேற்று நம் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார். என் மானமே போயிற்று.

நீயோ ஒற்றைக்காலில் நிற்கிறாய். மதகைத் திறக்கப்போவது எங்களுக்கு முன்பே தெரியுமா என்று கடிதத்துக்குக் கடிதம் கேட்கிறாய். தெரியும். போதுமா? அன்று மத்தியானமே அப்பா சொன்னார். போனை எடுத்து உன் எண்ணைப் பாதி அழுத்தியும்விட்டேன். ஒருத்திகிட்ட சொன்னா தெருவுக்கே தெரிஞ்சிடும், என் வேலை போயிடும் என்று பிடுங்கி வைத்துவிட்டார். தண்ணீர் உன் வாசல்படியோடு நின்றுவிடும் என்றார். நான் நம்பினேன். அவருக்குச் சாப்பாடு போட்டேன்.

எங்களைக் கேட்கிறாயே, தூங்கின பிள்ளையை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்குப் போனது யார்? நான் இதுவரை யாரிடமும் அதைச் சொல்லவில்லை. சொல்ல வைத்துவிடாதே.

பிள்ளையைப் பறிகொடுப்பது என்னவென்று எனக்குத் தெரியாது என்று எழுதியிருந்தாய். இந்தத் தாள் கையெழுத்தில்லாமல் திரும்பி வந்தால் எனக்கும் தெரிந்துவிடும். எனக்கு மகளே பிறக்கவில்லை என்று இருந்துவிடுவேன்.

கும்பிட்டுக் கேட்கிறேன், போட்டுவிடு கண்ணு. நூறு வயது நன்றாக இரு.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்